மெதுவா ஏறுற கம்பி

எங்க பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ பிடிவாதத்தைச் சொல்லணும். புருஷன் கைலாசம் செத்துப்போன பிறகு, சாயப்பட்டறையை மூடிட்டுப் பொண்ணோட பூனாவுக்குப் போயிடுன்னு பிள்ளையார்பாளையமே சொல்லிச்சு. கேட்டாளா? "இங்க பட்டாவது என் பேச்சைக் கேக்குது"ன்னுட்டு ஒத்தையாளா அண்டா முன்னாடி நின்னுட்டா. நான் மணியம்மாள், நூல் சுத்துறவ. எங்க சுவத்துக்கு அந்தப்பக்கம்தான் அவ பட்டறை. அவ தும்மினாக்கூட எனக்குக் கேக்கும். பேச்சுச் சத்தம் மட்டும் கேக்காது, பேச ஆளில்ல.

பொண்ணு சங்கீதா அங்க சூடு அளக்கற கருவி செய்யற கம்பெனியில இன்ஜினியர். ஞாயித்துக்கிழமை போன் பண்ணும். "சாப்ட்டியாம்மா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டேன்." அவ்ளோதான். வெச்சப்புறமும் இவ அந்த போனையே பாத்துக்கினு உக்காந்திருப்பா. எனக்குப் பத்திக்கினு வரும்.

போன ஆடியில பொண்ணு ஒரு மீட்டர் அனுப்பிச்சு. தடியான எவர்சில்வர் கம்பி, மேல நம்பர் ஓடும். அதுவரைக்கும் ரேணுகா தண்ணியில விரலை விட்டு எடுத்துத்தான் சூடு பார்ப்பா. பொண்ணு குடுத்ததாச்சே, விரலை மறந்துட்டுக் கம்பியை நம்பிட்டா. அடுப்பு எரிய எரிய தண்ணி சூடேறிக்கினே இருக்குது. சரியான நம்பர் வந்ததும் சாயத்தை ஊத்தினா. தண்ணி எப்பவோ அதைத் தாண்டிப் போயிருக்குது. பட்டு சாயத்தை ஒரேயடியா இழுத்துக்கிச்சு. அரக்குக் கலர் பாவு நூல் முழுக்கத் திட்டுத் திட்டு.

அன்னிக்கு இவளே பொண்ணுக்கு போன் போட்டா. சண்டை நடக்கப்போகுதுன்னு காதைத் தீட்டிக்கினு நின்னேன். ஸ்பீக்கர்ல பொண்ணு பொறுமையா சொல்லுது: "கம்பி கெட்டுப்போகலம்மா. அது தடி, சூடு உள்ள இறங்க நேரமாகும். தண்ணி சூடு ஏறிட்டே இருந்தா அது எப்பவும் அஞ்சாறு டிகிரி பின்னாடியேதான் வரும். அடுப்பைக் கொறைச்சு ஒரே சூட்டுல நிறுத்து. முதல்ல வேகமா ஏறும், அப்புறம் மெல்ல மெல்ல வந்து சேந்துக்கும்." ரொம்ப நேரம் பேசினாங்க. நடுவுல பொண்ணு சிரிச்சதுகூட கேட்டுச்சு.

அப்புறம் பாருங்க கூத்து. அடுத்த ஞாயிறு, "சங்கீதா, கம்பி மேல ஒரு சொம்பு சுடுதண்ணி ஊத்தினா?" "படக்குன்னு கொஞ்சம் ஏறும்மா, அப்புறம் மெதுவா பழைய எடத்துக்கே இறங்கிடும்." அதுக்கடுத்த வாரம், "அடுப்பை ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி வெச்சா?" "கம்பியும் ஏறி இறங்கும், ஆனா கொஞ்சமாத்தான், அதுவும் லேட்டா."

எந்தப் பட்டறையிலயாச்சும் கம்பி மேல சுடுதண்ணி ஊத்துவாங்களா? "ஏன்டி, விஞ்ஞானி ஆகப்போறியா?"ன்னு கேட்டேன். "அவ பேசிக்கினு இருக்கட்டுமேடி"ன்னா. வாரம் பூரா கேள்வியைத் தேடி அண்டாவைச் சுத்திக்கினு இருந்தா.

போன மாசம் கூரியர் வந்துச்சு. ஊசி மாதிரி மெல்லிசா ஒரு கம்பி. கூடவே வாட்ஸ்அப்புல பொண்ணு குரல்: "பாவம்மா நீ, வாராவாரம் கஷ்டப்படறே. இது தொட்டவுடனே சரியான சூட்டைக் காட்டும். இனிமே உனக்கு ஒரு சந்தேகமும் வராது."

"இது வேலை செய்யலன்னு சொல்லேன்டி"ன்னேன்.

"புள்ள ஆசையா அனுப்பினதைக் கெட்டதுன்னு எந்த வாயால சொல்றது?"ன்னா.

அந்த ஞாயித்துக்கிழமை நான் அங்கதான் இருந்தேன். போன் வந்துச்சு. "புது மீட்டர் எப்படிம்மா?" இவ கம்பியை அண்டாவுல விட்டா. விட்டவுடனே நம்பர் வந்து நின்னுடுச்சு.

"நல்லாக் காட்டுது."

கம்பியை எடுத்து முந்தானையில துடைச்சு வெச்சா.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டேன்."