தட்டை மூடலாம், எஸ்தர்

சிவசுப்பிரமணியன் டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இலஞ்சியிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது, தென்காசியில் நான் ஆபரேஷன் தியேட்டர் கத்தித் தட்டைத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கமே அவர் கொடுத்ததுதான்.

காலைக் கிழித்து ரத்தக்குழாய் அடைப்பை எடுப்பதில் பெயர் வாங்கியவர், ஓய்வை நினைக்கிற வயதில் புதிய முறையைக் கற்க உட்கார்ந்தார். தொடையில் சிறு துளையிட்டு, கம்பியை உள்ளே விட்டு, பலூனால் அடைப்பை விரிக்க வேண்டும். "கைக்கு ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்கு எஸ்தர். எல்லாத்தையும் டிவியில பாக்கணும்ங்காங்க" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சலித்துக்கொள்வார். கம்பி அடைப்பைத் தாண்டும்வரை, பழைய முறைக்கான கத்தித் தட்டு பக்கத்தில் திறந்தே இருக்க வேண்டும். தொடாத தட்டையும் நான் மறுபடி கழுவி அவிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் ஆள் கடையநல்லூர் நெசவாளர் காதர். வலது கால் விரல்கள் கறுத்துக்கொண்டிருந்தன. கம்பி அடைப்பில் முட்டி நின்றது. இன்னும் தள்ளினால் குழாய் கிழியும். "இன்னொரு தடவ பாப்போமே சார்" என்றார் உதவி டாக்டர். சிவசுப்பிரமணியன் டாக்டர் கம்பியை உருவிவிட்டு என்னிடம் கை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். கால் பிழைத்தது. அப்புறம் நான் தட்டைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

வெளியே வந்து டாக்டர் காதரிடமும் அவர் மனைவியிடமும் எதையும் ஒளிக்கவில்லை. "கம்பி போகலம்மா. எனக்கு இன்னும் கை பழகல. கிழிச்சுத்தான் சரிபண்ணியிருக்கேன்."

அடுத்த குற்றாலச் சீசனில் காதரின் இடது காலும் அடைத்தது. டாக்டருக்குக் கை ஓரளவு பழகியிருந்தது, ஆனாலும், "மதுரைக்கு எழுதித் தரட்டா?" என்று கேட்டார்.

காதர் விடவில்லை. "ஏங்கால்லதான படிச்சிய? மிச்சப் படிப்பையும் இங்கனயே முடிங்க."

அன்று கம்பி வழுக்கிக்கொண்டு போனது. பலூன் விரிந்ததும் திரையில் ரத்தம் பாதம் வரை ஓடியது. முகமூடிக்குள்ளிருந்து பெரிய மூச்சு வந்தது. "தட்டை மூடலாம், எஸ்தர்" என்றார். நான் அழுதேவிட்டேன்.

இலஞ்சியில் இன்று சாரல். காதர் நனைந்தபடி வந்தார். "பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தேதான் வாரேன் சிஸ்டர்" என்றார். நான் அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தேன். துக்க வீட்டில் இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று தெரியவில்லை; வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் டாக்டரின் கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள். கையுறையில்லாமல் அவற்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

தட்டை மூடியாச்சு, சார். கவலையில்லாமல் போய் வாருங்கள்.