ஜீப்பில் ஏறிய சைக்கிள்

ஓரடி ஊன்றி ஓரடி தூக்கி நின்று உலகனைத்தையும் நடத்துகின்ற அம்பலவாணப் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். அவனுக்கு விடை வாகனம். அவன் மைந்தர்களுக்கு மூஞ்சூறும் மயிலும் வாகனங்கள். காற்று இறங்குவதும் பிரேக் கட்டை தேய்வதும் மானிடர் வாகனத்துக்கே விதிக்கப்பட்டவை. அவ்விதியை நம்பியே இலங்கை மலைநாட்டிலுள்ள பூண்டுலோயாக் கடைவீதியில் சைக்கிள் திருத்தும் தொழிலை நடத்தி வந்தேன். ஏற்றத்தில் வண்டியைத் தள்ளியும் இறக்கத்தில் அதனோடு மல்லாடியும் மூச்சிரைத்த அன்பர்களே, நீங்கள் அறியாததையா சொல்லிவிடப் போகிறேன்?

நடக்கச் சொன்ன கூட்டம்

எழுபதுகளில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மக்கள் நடக்கவும் துவிச்சக்கர வண்டி ஓட்டவும் பழக வேண்டுமென அரசாங்கம் விரும்பியது. துவிச்சக்கர வண்டி என்பது சைக்கிளுக்குக் கந்தோர்க்காரர், அதாவது அரசாங்க அலுவலகத்தார், இட்ட பெயர். இதனை எடுத்துரைக்க யாழ்ப்பாணத்தவரான சிவபாதம் என்னும் உத்தியோகத்தர் வந்தார். நல்லவர், நெற்றியில் எந்நேரமும் நீறு துலங்கும்.

தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்களைத் தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தி, நடையின் நன்மைகளை அவர் விரித்துரைத்தார். இரத்தம் சுத்தியாகும், உடல் மெலியும், நன்றாகப் பசியெடுக்கும் என்றார். அரிசியும் மாவும் அருகிப்போயிருந்த காலம் அது. கூடையை இன்னும் இறக்காமல் நின்ற மூக்காயி என்பவள் கையுயர்த்தினாள்.

"ஏஞ்சாமி, நடந்தா பசிக்கும்னு எங்களுக்குத் தெரியும், பசிச்சா என்ன செய்யணும்னு அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மிஸிக்கு வந்த வண்டி

அரசாங்கம் வழங்கிய முதற் சைக்கிள் தோட்டத்து மருத்துவிச்சி பிலோமினாவுக்குக் கிடைத்தது. தோட்டத்தார் அவரை மிஸி என்பர். நடுவே கம்பி போட்ட ஆண்கள் வண்டி அது. சேலை உடுத்தியவர் அதில் எவ்வாறு ஏறுவார் என்று எந்தக் கந்தோரும் எண்ணிப் பார்க்கவில்லை. மிஸி அதை உருட்டிக்கொண்டே என் கடைக்கு வந்தார்.

"ஏறிப் பாத்தீங்களா தங்கச்சி?"

"ஏறுறதாவது! கைப்புள்ளயக் கூட்டிட்டு வர்ற மாதிரி நடத்திக் கூட்டிட்டு வர்றேன்ணே."

சிரித்த முகம் உடனே மாறியது. சைக்கிள் கிடைத்துவிட்டதைக் காரணங்காட்டி, பிரசவங்களுக்கு அவரை ஏற்றிச்சென்ற தோட்டத்து ஜீப்பை, தோட்ட மேலாளரான துரை நிறுத்திவிட்டாராம். மலையுச்சியிலுள்ள தோட்டப் பிரிவான மேல்டிவிசனில் முத்துலெட்சுமி என்பவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளுடைய முதற்பிள்ளை குறுக்கே கிடந்து இறந்தே பிறந்தது. இம்முறை ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டுமென மிஸி அவளிடம் உறுதி வாங்கியிருந்தார்.

"தொரைகிட்டப் போயி நின்னேன்ணே. 'ஒனக்குத்தான் ரெண்டு சக்கரம் குடுத்தாச்சே'ங்கிறாரு. அந்தப் புள்ளைக்கு வலி கண்டா நா சக்கரத்தத் தூக்கிக்கிட்டு ஓடவா?"

றோட்டு ஓடிய கதை

சிவபாதத்துக்குச் சொல்லியனுப்பினேன். வந்தவர் புன்னகைத்தார். "எங்கட ஊரிலை பொம்பிளையள் சைக்கிளிலைதானே அண்ணை சந்தைக்குப் போறவை. உதிலை என்ன கஸ்டம்?" என்று தாமே ஏறினார். மழை ஈரத்தில் பிரேக் கட்டை பிடிக்காது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் புறப்பட்டும் விட்டார். கிணற்றுக்கட்டைத் தவிர வேறு மேடு காணாத நாட்டில் பிறந்தவர்.

முதல் வளைவில் றோட்டோடு தாமும் திரும்பினார். இரண்டாம் வளைவில் றோட்டு மட்டுமே திரும்பியது. தேயிலைச் செடிகள் அவரைத் தாங்கிக்கொண்டன. திருநீற்றின்மேல் சேறு பூசிக்கொண்டதன்றி வேறு சேதமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் மேலேறி வருவதற்குள் நான் வேறொரு சைக்கிளைக் கழற்றிப் பூட்டியிருந்தேன். என் முன்னே வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"எங்கட றோட்டு நாங்கள் போனால்தான் போகும் அண்ணை, உங்கட றோட்டு எங்களை விட்டுப்போட்டுத் தானாய் ஓடுது."

கயிற்றுப் பிரேக்

அஞ்சியது நேர்ந்தது. ஒரு பிற்பகலில் முத்துலெட்சுமியின் கணவன் சுப்பையா மலையிலிருந்து ஓடிவந்தான். ஜீப் சாரதியோ துரையின் உத்தரவின்றி அசையமாட்டேன் என்றான். மிஸி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் அவருடைய சைக்கிளையும் ஒரு வடக்கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

சைக்கிளின் பின்னிருக்கையில் கம்பளியை மடித்துக் கட்டி முத்துலெட்சுமியை அமர்த்தினோம். சுப்பையா கைப்பிடியைப் பற்றினான். மிஸி அவளை அணைத்துக்கொண்டார். வண்டி ஓடிவிடாதபடி பின்னால் கயிற்றைக் கட்டி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்களும் நானும் இழுத்துப் பிடித்தோம். வலி எழுந்தால் அனைவரும் நிற்போம், தணிந்தால் நடப்போம். மிஸி மாதாவை அழைக்க, நான் சிவசிவ என்றேன். இருவரில் எவர் செவிசாய்த்தாரோ, எவர் கையிலிருந்தும் கயிறு நழுவவில்லை.

வண்டிகள் ஒழுங்காகப் பாவிக்கப்படுகின்றனவா என்று பார்க்க வந்த சிவபாதம் எங்களை வழியில் கண்டார். ஒன்றும் கேளாமல் காற்சட்டையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பற்றினார். ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை உயிரோடு அழுதபோது, கன்றிப்போன உள்ளங்கைகளை அவர் ஊதிக்கொண்டிருந்தார். மிஸி வெளியே வந்தார்.

"பாத்தீங்களாய்யா, ஒரு புள்ளத்தாச்சி ஒங்க சைக்கிள்ல வர்றதுக்கு இத்தன பேரு நடக்க வேண்டியிருக்கு."

அரசாங்கச் சொத்து

மறுநாள் சிவபாதம் என்னையும் அழைத்துக்கொண்டு துரையிடம் சென்றார். தாயைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ வாய்திறக்கவில்லை. அப்பேச்சு அந்த மேசையில் எடுபடாதென்பதை உத்தியோகத்தரான அவர் நன்கறிவார்.

"இந்தத் துவிச்சக்கர வண்டி அரசாங்கச் சொத்து. மழையிலை உருட்டித் துருப்பிடிச்சால் தோட்டம்தான் பதில் சொல்லவேணும். மேல்டிவிசனுக்குக் கொண்டுபோறதெண்டால் வாகனத்திலை ஏத்தவேணும். பொறுப்பான ஆளும் கூடப் போகவேணும்."

துரை அக்கணமே சாரதியை அழைத்தார். பிள்ளை பெறுபவளுக்காக அசையாத ஜீப், துருவுக்கு அஞ்சி அசைந்தது. அதன் முதற் பயணத்தில் முத்துலெட்சுமி பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பினாள். பின்னால் சைக்கிள் கம்பளி போர்த்திப் படுத்திருந்தது. முன்னால் அமர்ந்த மிஸி என் கடையருகே தலை நீட்டினார்.

"எனக்குக் குடுக்காத ஜீப்ப சைக்கிளுக்குக் குடுத்துட்டாங்கண்ணே, பரவால்ல, நா அதுக்குத் தொணையாப் போய்க்கிறேன்."

மக்களைச் சைக்கிளோட்டப் பழக்க அரசாங்கம் அரும்பாடுபட்ட அந்த ஆண்டுகளில், எங்கள் மலையில் ஒருநாளும் மூச்சிரைக்காமல் ஏற்றமெல்லாம் ஏறி வந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

இதனைக் கேட்போர் யாவர்க்கும் ஏற்றத்தில் துணையும், இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் கைகளும் குறையாதிருக்க ஈசன் அருள்புரிவானாக.