கருப்பர் கோயில் வட்டம்

ஆலங்குடியில் ரெங்கசாமியின் லாரி ஆபீசுக்கு அடுத்த ஜெராக்ஸ் கடை என்னுடையது. சுவருக்கு அங்கிட்டு அலாரம் கத்தினால் எனக்கும் கேட்கும். அடுத்த நொடி கலைமதியின் குரல் வரும். "எங்கண்ணே நிக்கிறீங்க? ஏன் நிக்கிறீங்க?"

அதுதான் அவள் வேலை. முதலாளியின் தேங்காய் லாரிகள் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடுகிற வண்டி பச்சை. இஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் சிவப்பு. இஞ்சின் ஓடிக்கொண்டே வண்டி நின்றால் மஞ்சள். கொஞ்சம் அதிகமாக நின்றால் அலாரம்.

டிரைவர்கள் அவளை வேவுக்காரி என்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவளுடைய அப்பாவும் லாரி டிரைவர்தான். ஆந்திராப் பக்கம் ரோட்டோரம் செத்துக் கிடந்தவரை எங்கே என்று தெரியாமல் குடும்பமே நாட்கணக்கில் அலைந்தது. "எந்தப் பொம்பளையும் எங்க அம்மா மாதிரி தெருத்தெருவா அழுதுக்கிட்டு அலையக் கூடாதுண்ணே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அப்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

புதுக்கோட்டை ரோட்டில் தைலமரக் காட்டோரம் ஒரு கருப்பர் கோயில். எந்த டிரைவரும் அங்கே நிறுத்தி சூடம் ஏற்றாமல் தாண்ட மாட்டார். ஒருமுறை நல்லதம்பி சூடத்தட்டோடு நிற்கும்போது இவள் போன் போட்டுவிட்டாள். ஆபீசில் மூத்த டிரைவர் அவர். திரும்பி வந்து, "சாமி காரியத்துல குறுக்க வராத ஆத்தா. நல்லதில்ல" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இவள் பயந்துபோனாள். முதலாளி அதற்கு மேல் பயந்தார். கருப்பரோடு யார் மல்லுக்கட்டுவது? மேப்பில் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்றால் அலாரம் அடிக்காதபடி கலைமதி செய்துவிட்டாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே டிரைவர்களின் பக்தியை! ஆவூர் மாதா கோயில் பிள்ளை ஞானராஜ்கூட அங்கே நிறுத்தி, கேபினில் காலை நீட்டித் தூங்க ஆரம்பித்தார். கேட்டால், "எல்லாச் சாமியும் ஒண்ணுதானங்க" என்பார். கலைமதிக்கும் தெரியும். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு நல்லதம்பி காங்கேயத்துக்கு லோடு ஏற்றிக் கிளம்பினார். வெயில் ஏறும் நேரத்தில் அவர் புள்ளி வட்டத்துக்குள் போய் நின்றது. மஞ்சளாக நின்றது. கருப்பர் முன்னால் இஞ்சினை அணைக்காமல் இறங்குகிற ஆள் இல்லை அவர். கலைமதியின் கை போனுக்குப் போனது. சூடத்தட்டு ஞாபகம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி அழகி கூப்பிட்டாள். "போன எடுக்க மாட்டேங்கிறாரு கலைமதி. காலையில நெஞ்சு கரிக்கிதுன்னு சோறுகூட எறங்கல. எங்க இருக்காருன்னு பாரு."

"கருப்பர் கோயில்லதான் மதினி நிக்கிறாரு. கும்பிட்டுட்டுப் பேசுவாரு. பயப்படாதீங்க."

நானும் சுவருக்கு இங்கிட்டு இருந்து அதைக் கேட்டேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டி, ஆடு மேய்க்கும் செவந்தி என்கிற பெண் லாரியின் பின்னால் எழுதியிருந்த நம்பருக்கு அடித்தாள். "ஏம்மா, இந்த லாரிக்காரரு ஸ்டேரிங்குலயே சாஞ்சு கெடக்காரு. வண்டி ஓடிக்கிட்டே இருக்கு."

கலைமதி போட்ட சத்தத்தில் என் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நெஞ்சு வலித்துத்தான் நிறுத்தியிருக்கிறார், முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். வேறு எந்தப் புளியமரத்தடியில் நின்றிருந்தாலும் அலாரம் கத்தியிருக்கும். மனுஷன் வலியோடு கருப்பர் வாசல்வரை ஓட்டிவந்து சாய்ந்திருக்கிறார்.

"கருப்பரே கூப்பிட்டுக்கிட்டாரு" என்று முதலாளி சுலபமாகக் கையைக் கழுவிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அறைந்திருப்பேன்.

சாவு வீட்டில் கலைமதி பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள். அழகிதான் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னப்பறம்தான் ஆத்தா நான் ஒக்காந்து சோறு தின்னேன்" என்றாள்.

மறுநாளே கலைமதி அந்த வட்டத்தை அழித்துவிட்டாள். இப்போது கோயிலில் எந்த வண்டி நின்றாலும் அலாரம் அடிக்கிறது. "சாமி கும்பிட விடமாட்டியா? தூங்கவும் விடமாட்டியா?" என்று ஞானராஜ் போனில் கத்துவது எனக்கே கேட்கிறது. கலைமதி ஏன் நிக்கிறீங்க என்று கேட்பதில்லை. அவர் கத்தி முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள். சில நாள், "இன்னும் கொஞ்சம் திட்டுங்கண்ணே" என்கிறாள்.