ரிமுய் நிரப்பிய டப்பாக்கள்

புருஷன் செத்தபின் பன்றி வளர்த்தே மகன் பெஹுய்யை ஆளாக்கியவள் ரிமுய். மலைமேல் பாதை போட வந்தவர்கள் கொட்டிலை நகர்த்தச் சொன்னபோது, வளைந்தது பாதைதான்.

சுகாதாரக் குழு ஆண்டுதோறும் வந்து ஊராரின் மலத்தை டப்பாவில் வாங்கிப் போகும். பதில் மட்டும் வராது. இந்தமுறை யாரும் தர மாட்டோம் என்றார்கள் ஊரார். தராவிட்டால் வைத்திய வண்டி மேலே வராது என்றார்கள் குழுவினர். ரிமுய் எல்லா டப்பாவையும் தானே வாங்கிக்கொண்டாள். ஊரார் பெயர் ஒட்டிய அத்தனையிலும் தன்னுடையதையே நிரப்பி அனுப்பினாள். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

பதில் வந்தது. எல்லோர் குடலிலும் நாடாப்புழு. பன்றிக்கறியில் வருவது என்று ஊரில் பன்றி அறுக்கத் தடை.

பெஹுய்யின் கல்யாணம் நெருங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பன்றி அறுத்துப் பெண்ணின் சொந்தம் ஒவ்வொன்றுக்கும் கறிப்பங்கு தராவிட்டால் அது கல்யாணமே இல்லை. நாளைத் தள்ளிப்போட முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து சியூ என்ற பெண் வந்தாள். தேவாலய முற்றத்தில் ஊர் கூடியது. எல்லா டப்பாவிலும் புழுவின் மரபணு அச்சாக ஒன்றாயிருந்ததாம். ஒரே பன்றியிலிருந்து வந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்களாம். பிறகு மலத்தோடு கலந்திருந்த மனித மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள்.

"பாதிரியார் டப்பாவுலயும் ஒரு பொம்பளதான் இருக்கா," என்றாள் சியூ.

பாதிரியார் தரையைப் பார்த்தார். ரிமுய் எழுந்தாள்.

"அந்தப் பொம்பள நான்தான். வருஷாவருஷம் எங்க பீயை அள்ளிட்டுப் போனீங்களே, உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு தடவை வந்து சொன்னீங்களா?"

சியூ இல்லையென்று தலையசைத்தாள்.

"சரி, இப்ப சொல்லு. எம் பன்னியை ஏன் அறுக்கக் கூடாது?"

இது கறியில் வரும் வகையில்லை, ஈரலில் வரும் வகை என்று மரபணு காட்டியதைச் சியூ சொன்னாள். ஈரலைப் பச்சையாகத் தின்னாமல் வேகவைத்தால் போதும். தடையை எடுக்கச் சொல்கிறேன். ஆனால் அவரவர் டப்பாவை அவரவரே நிரப்ப வேண்டும் என்றாள். பதிலை இதே முற்றத்தில் வந்து சொன்னால் தருவோம் என்றாள் ரிமுய். சியூ ஒப்புக்கொண்டாள். தனக்கான மாத்திரையை ரிமுய் அங்கேயே விழுங்கினாள்.

தடை நீங்கிக் கல்யாணத்துக்குப் பன்றி அறுத்தார்கள். சூடு ஆறாத ஈரலைப் பச்சையாக உப்புத் தொட்டுத் தின்பது கத்தி பிடித்தவர்களின் உரிமை. கொழுந்தன் யுகான் கையில் உப்போடு காத்திருந்தான். ரிமுய் ஈரலைத் தூக்கிக் கொதிக்கும் பானையில் போட்டாள்.

"டவுன்காரி சொன்னதுக்கு ஆடுறீங்களா அண்ணி?"

"என்ன புழுன்னுதான் அவ சொன்னா. ஈரல் எங்க போகணும்னு நான் சொல்றேன். பன்னி என்னோடது."

யுகான் உப்பைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.