நாலாம் தேதிக்கு அடுத்த நாள்

சவரிமுத்து இறந்து பதினோரு நாள் கழித்துத்தான் நமக்குச் சேதி வந்தது. மெட்ராஸ் கப்பல் நம் தீவின் ஹேடோ துறையில் வந்து நின்ற அன்று, தபால் பையோடு வந்த ஒரு கடிதத்தில் அவருடைய தம்பி தூத்துக்குடியிலிருந்து எழுதியிருந்தார். வைத்தியம் பலிக்கவில்லை, அடக்கம் நல்லபடி முடிந்தது என்ற விவரங்களுக்குக் கீழே ஒரு வரி: 'தீவுக்குத் தந்தி கொடுக்கக் கூடாது, கப்பலிலேயே போகட்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.' படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் நம்மை வரிசையில் நிற்க வைக்க வேண்டுமா இந்த ஆளுக்கு என்று அலுவலகத்தில் வாய்விட்டே சொன்னேன்.

படிப்பக மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பதினாறு வருஷம் அவரோடு சண்டை போட்டவர் நீங்கள்தான், உங்களைவிட அவரைத் தெரிந்தவர் யார் என்றார்கள். அது சரிதான். ஆகவே எழுதுகிறேன். புகழுரை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அவரை அறியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. டெலானிபூர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நம் தமிழ்ப் படிப்பகத்துக்கு அவர்தான் செயலாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அலமாரிச் சாவி அவரிடம் இருந்தது, அதனால் அவர் செயலாளர். பஜாரில் அவருக்கு வழங்கிய பெயர் 'பந்த்ரா சௌ பயாசி பாபு'. ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு என்பதற்கு இந்தி. வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அவர் அந்த எண்தான்.

பெயருக்குக் காரணம் இதுதான். சின்ன வயதில் கத்தோலிக்கச் சாமியார் படிப்புக்குப் போய் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவர் அவர். வரும்போது கொண்டுவந்த படிப்பு மொத்தமும் ஒரே ஒரு வருஷத்தைப் பற்றியது. அந்த வருஷம் ரோமாபுரியின் போப்பு பஞ்சாங்கத்தைத் திருத்தினார். அக்டோபர் நாலாம் தேதி ஜனங்கள் படுத்தார்கள், எழுந்தபோது பதினைந்தாம் தேதி. நடுவில் பத்து நாள் இல்லவே இல்லை. ஸ்பெயினில் ஒரு புனிதை நாலாம் தேதி இரவு இறந்தார், மறுநாள் பதினைந்தாம் தேதி அடக்கம் செய்தார்கள். இதைச் சொல்லும்போது சவரிமுத்துவின் குரல் தழுதழுக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அதே இடத்தில்தான் தழுதழுக்கும், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை வந்ததே இல்லை.

ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவில் பேசுவார். தலைப்பு மாறாது. அந்த வருஷம் ஜப்பானில் ஒரு பெரிய பிரபுவை அவருடைய தளபதியே கோயிலில் வளைத்துக் கொன்றது, மொகலாய பாதுஷா புது மார்க்கம் ஒன்றைத் தொடங்கியது, ரோமில் தேவாலயப் பாட்டு இயற்றிய ஒருவர் பிறந்தது, பிற்பாடு பெரிய நாடகாசிரியரான இங்கிலாந்துப் பையன் பதினெட்டு வயதில் தன்னைவிட எட்டு வயது மூத்தவளைக் கட்டிக்கொண்டது. எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எண்பத்தொன்றில் என்ன நடந்தது, எண்பத்து மூன்றில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் கிடையாது. "ஒரு வருசத்த முழுசாத் தெரிஞ்சவன் எத்தன பேரு இருக்கான், சொல்லும் பார்ப்போம்" என்பார். அவருடைய குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்த தெலுங்குக்காரர் பெயர் அவருக்குத் தெரியாது என்பதை நான் பல விழாக்களில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு தடவை அவர், அந்தப் பத்து நாளில் உலகத்தில் ஒருவரும் பிறக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை என்று முடித்தார். நான் விடவில்லை. "சார், அந்தப் பத்து நாள்ல நம்ம தீவுக் காட்டுக்குள்ள ஜாரவா ஆதிவாசி வீட்டுல பிள்ள பொறந்திருக்காதா? அவங்களுக்குப் போப்பு வந்து சொன்னாரா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. சவரிமுத்து சிரிக்கவில்லை. "அதைத்தான வே நானும் சொல்லுதேன். சேதி போய்ச் சேராத எடத்துல அது நடக்கல. தூரத்துக் குடியேத்தத்துக்கெல்லாம் போப்பு உத்தரவு கப்பலேறிப் போய்ச் சேர அடுத்த வருசம் ஆயிட்டு. அதுவரைக்கும் அங்க பழைய தேதிதான். நாமளும் குடியேத்தம்தான பாய்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பைத்தியம் நோட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது நம் சுவருக்கும் வந்தது. தமிழ்ப் பேப்பர் கப்பலில்தான் வரும், பத்துப் பன்னிரண்டு நாள் பேப்பர் ஒரே கட்டாக. மற்ற ஊரில் என்ன செய்வார்கள்? கட்டைப் பிரித்து எல்லாவற்றையும் மேஜையில் போடுவார்கள். சவரிமுத்து கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். நாளைக்கு ஒரு பேப்பர், தேதி வரிசைப்படி, சுவரில் ஆணியில் தொங்கும். அடுத்தது மறுநாள் சாயங்காலம்தான். "ஜல்தி எதுக்கு பாய்? ஒண்ணொண்ணா வரும்லா." இப்படி நாம் எல்லோரும் உலகத்துக்கு இரண்டு வாரம் பின்னால் வாழ்ந்தோம். கீழே கடையில் ரேடியோ பாடினால் அவர் ஜன்னலைச் சாத்துவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கிழக்கு வங்காளச் சண்டை முடிந்த அன்று, நாம் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மிட்டாய்க்கடை வங்காளி தட்டு நிறைய சந்தேஷோடு மாடியேறி வந்தார். "ஜங் கதம், பாபு, ஜங் கதம்" என்று எல்லோர் வாயிலும் ஊட்டினார். சவரிமுத்து ஒன்றை வாங்கிக் காகிதத்தில் மடித்தார். "ஹமாரா உதர் அபி ஷுரு நஹி ஹுவா" என்றார். நம் சுவரில் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். தாதாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவருடைய ஜனங்கள் எல்லையின் அந்தப் பக்கம் இருந்தார்கள். சந்தேஷ் அலமாரிக்குள் போயிற்று. சுவரில் சண்டை முடிந்த நாளில் சவரிமுத்து அதை எடுத்துப் பார்த்தபோது காகிதம் மட்டும் இருந்தது, மிட்டாயை எறும்பு தின்றிருந்தது. எனக்கு அதில் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க நான் முயலவில்லை.

நான் அவரை ஏன் வெறுத்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். நான் தீவுக்கு வந்த மூன்றாம் வருஷம் மெட்ராஸில் ஓர் அலுவலக வேலைக்குப் பரீட்சை எழுதினேன். ராமநாதபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் என் உம்மா பார்வை மங்கித் தனியாக இருந்தார்கள். வேலை கிடைத்தால் அவர்களை என்னோடு வைத்துக்கொள்ளலாம், வேறு வழியில்லை. முடிவு பேப்பரில் வரும், தேறியவர்கள் குறித்த நாளுக்குள் நேரில் வர வேண்டும். கப்பல் வந்தது. கட்டு அலமாரிக்குள் போயிற்று. ஐந்தாம் நாள் கப்பல் திரும்பிப் போயிற்று. ஒன்பதாம் நாள் சவரிமுத்து மாட்டிய பேப்பரில் என் எண் இருந்தது.

நான் அந்த எண்ணில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன். "சார், இது ஒம்பது நாளா உங்க அலமாரிலயா கெடந்துச்சு?"

"கெடந்துச்சு பாய். அதோட நாள் இன்னைக்குத்தான வருது."

"கப்பல் போயிருச்சு சார்."

"அடுத்த கப்பல் வரும்லா."

அடுத்த கப்பல் வந்தபோது மெட்ராஸில் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். முன்கூட்டியே கட்டைப் பிரிக்கச் சொல்லி நான் ஏன் கேட்கவில்லை, அலமாரியை ஏன் உடைக்கவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கடிதம் தனியாக வரும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை. இரண்டு வருஷத்தில் உம்மா மௌத்தானார்கள். அந்தச் சேதியும் கப்பலில்தான் வந்தது, பத்து நாள் தாமதமாக. துக்கம் கேட்க வந்த சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சேதி வர்ற வரைக்கும் உங்களுக்கு உம்மா உசுரோடதான இருந்தாங்க, பாய். அந்தப் பத்து நாள யாரும் எடுத்துக்கிட முடியாது." நான் கை ஓங்கிவிட்டேன். அருகில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதைவிடக் கேவலமான ஆறுதலை ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்ல முடியும் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை.

அந்த மெட்ராஸ் வேலை எனக்குக் கைநழுவிய பிறகு அவர் ஒரே ஒரு திருத்தம் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தடித்த அட்டையில் ஜன்னல்போல் ஒரு சதுரம் வெட்டினார். கட்டு வந்த அன்றே ஒவ்வொரு பேப்பரிலும் விளம்பரப் பக்கத்தின்மேல் அட்டையை வைத்து நகர்த்தி, மற்றச் செய்திகள் கண்ணில் படாமல், வேலை அறிவிப்புகளை மட்டும் பார்த்து எழுதிச் சுவரில் ஒட்டினார். சௌல்தாரியிலிருந்து வந்த இரண்டு பேர் அப்படி வேலைக்குப் போய், அவருக்கு நன்றிக் கடிதமும் எழுதினார்கள். அவர்களுக்கு ஜன்னல், எனக்கு வெறும் அட்டை. அந்தக் கடிதங்களை அவர் எனக்குக் காட்டியபோது, மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் வைத்தியத்துக்காக மெயின்லேண்ட் புறப்பட்டபோது அலமாரிச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அடுத்த கட்டு வந்த அன்றே நான் அத்தனை பேப்பரையும் மேஜையில் பரப்பினேன். பதினாறு வருஷத்து அடிமைத்தனம் ஒழிந்தது என்று சிறு சொற்பொழிவும் செய்தேன். எல்லோரும் ஒரே நாளில் முட்டி மோதி எல்லாவற்றையும் படித்தார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அடுத்த கப்பல்வரைக்கும் நானும் மின்விசிறியும்தான் அங்கே இருந்தோம். மூன்று மாதமாக அதே கதைதான். அந்த ஆள் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அப்போது இன்னும் கூடியது.

பிறகு இந்தக் கப்பலும் கடிதமும் வந்தன. அதே கப்பலில் பேப்பர் கட்டும் வந்தது. இரங்கல் கூட்டம் முடிந்து, எல்லோரும் போன பின், நான் கட்டைப் பிரித்தேன். என்ன நினைத்துக்கொண்டேனோ, மேஜையில் பரப்பவில்லை. அலமாரியில் வைத்தேன். அப்படியென்றால் வேலை அறிவிப்பைப் பார்க்க வேண்டுமே என்று அவருடைய அட்டையை எடுத்தேன். ஏழாவது பேப்பரில் அட்டையை நகர்த்தியபோது ஜன்னலுக்குள் சவரிமுத்துவின் முகம் வந்து நின்றது. தம்பி கொடுத்த இரங்கல் விளம்பரம், கட்டைவிரல் அளவு படம். கறுப்புக் கட்டத்துக்குள் அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் பேப்பரை ஆணியில் மாட்டினேன். நம்மவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், ஆனால் வந்தார்கள். இரண்டாம் நாளும் வந்தார்கள். கடிதத்தில் அவர் செத்திருந்தார், சுவரில் இன்னும் சாகவில்லை. சாயங்காலம் பேப்பரை மாட்டும்போதெல்லாம் உம்மாவின் அந்தப் பத்து நாளை நினைத்தேன். அதற்காக அவரைத் திட்டினேன், ஒவ்வொரு நாளும் திட்டினேன். ஆறாவது பேப்பர் வரை ஒழுங்காகப் போயிற்று.

ஏழாம் நாள் சாயங்காலம் நான் மாட்டியது எட்டாவது பேப்பர். அந்த வருஷம் நாலாம் தேதிக்கு மறுநாள் பதினைந்து வந்ததுபோல நம் சுவரில் ஒரு தேதி இல்லாமல் போயிற்று. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவருடைய பயிற்சி அப்படி வீண்போகுமா? நம் மூத்த உறுப்பினர், மரவாடி மேஸ்திரி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பாய், நடுவுல ஒரு நாள் எங்க போச்சு?"

"கப்பல்ல வரல" என்றேன்.

நண்பர்களே, அது பொய். அந்தப் பேப்பர் என்னிடம் இருக்கிறது, அவருடைய நோட்டுக்கும் அட்டைக்கும் நடுவில், அலமாரியின் மேல்தட்டில். பார்க்க விரும்புகிறவர்கள் கேட்க வேண்டாம், மாட்ட மாட்டேன். என் வாழ்க்கையைக் கெடுத்த ஒரு கிறுக்குத்தனத்தை என்னையே செய்ய வைத்துவிட்டுப் போன அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதன் நாள் இன்னும் வரவில்லை.