மூன்று எச்.பி. மோட்டார்

நான் வேண்டுமென்றே ஒருவருக்குத் தவறான யோசனை சொன்னேன். மும்பை செம்பூரில் எனக்குக் கீழ்வீட்டுக்காரர் அவர். குர்லா பட்டறையில் வேலை போனபின், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கி, ஸ்டூல்கள் செய்து விற்றுவந்தார். பேசுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மரத்தூளை ஊதுவார்.

நான் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் என்பதால் என்னிடம் கேட்டார்: "சார், புது டேபிள் ரம்பத்துக்கு எத்தன எச்.பி. மோட்டார் போடலாம்?"

அவர் வேலைக்கு ஒன்றரை போதும். எங்கள் கட்டடத்து லைன் அதற்குமேல் தாங்காது. ஆனால் அவருடைய பழைய ரம்பம் என் மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"மூணு வாங்கிடுங்கோ," என்றேன்.

நினைத்தபடியே, அவர் சுவிட்சைப் போட்டபோதெல்லாம் கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று. குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார்கள். தகரத்தடியில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பால்கனியிலிருந்து தினமும் பார்த்தேன்.

தாங்காமல் ஒருநாள் ஒன்றரை எச்.பி. மோட்டார் வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை வெகுநேரம் ஊதினார்.

"சத்தம் தாங்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சார்? மத்தியானம் போட்டிருக்க மாட்டேன்லா?"

மோட்டாரை வாங்கிக்கொண்டார். இப்போது ரம்பத்தை ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் மாடியேறி வருகிறார். "போடட்டுமா சார்?"

ஒருநாளும் நான் வேண்டாம் என்றதில்லை. அவரும் கேட்பதை நிறுத்தவில்லை.