சூடு பார்த்தவர்

டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்து, உள்ளே எதுவும் எரியவில்லை, ஆகவே செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொன்ன மகா புத்திசாலி நான்தான். திண்டுக்கல் ரேடியோ பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது வால்வு என்கிற கண்ணாடிக் குழாய் வைத்த பழைய ரேடியோ மட்டும். வால்வுக்கு உயிர் இருந்தால் உள்ளே கம்பி சிவந்து எரியும்.

என் பக்கத்து பெஞ்சுக்காரர் தாடிக்கொம்பு கிராமத்தில் மல்லிகைத் தோட்டம் போட்டவர். நாற்பதை நெருங்கிய வயது, நெற்றியில் நாமம். எந்த செட்டைப் போட்டாலும் வால்வுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

படிப்பு முடிகிற வாரம், ரேடியோ கடை முதலாளி ஒருவர் வேலைக்கு ஒரே ஒரு ஆள் எடுக்க வந்தார். பாடாத டிரான்சிஸ்டர் செட் ஒன்றை மேஜையில் வைத்தார். என் தீர்ப்பைக் கேட்டு அவர் சிரித்து முடித்ததும், தாடிக்கொம்புக்காரர் போய்ப் புறங்கையை வைத்தார்.

"செத்த நேரம் பொறுங்க மொதலாளி, சூடு ஏறட்டும்."

"இது சூடேறுனா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்யா. இனிமே வர்ற செட்டெல்லாம் இதுதான்."

ஒருவரையும் எடுக்காமல் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை தாடிக்கொம்புக்காரர் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"விடுங்கண்ணே, எனக்குத்தான் போக்கிடம் இல்ல. உங்களுக்குப் பூந்தோட்டம் இருக்குல்ல?"

"அத வித்துத்தான், அப்பு, படிக்க வந்தேன்."